பழைய குடும்பப் படத்தில் இருப்பவர் யார்? குடும்ப வரலாறு தேடத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பூர்வீக வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது சுவரிலிருந்து இறக்கப்படும் கண்ணாடிச் சட்டப் படங்கள் பெரும்பாலும் மீண்டும் சுவரேறுவதில்லை. பரணுக்குப் போய், கரையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் இரையாகி, அவற்றில் இருந்தவர்களின் பெயர் தெரிந்த கடைசி ஆளும் காலமான பிறகு, "யாரோ பழைய ஆட்கள்" என்ற பேச்சோடு குப்பைக்குச் செல்கின்றன. அந்த முகங்களுக்குப் பெயர் தேட விரும்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலையைத் தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். தவறான பெயரை எழுதுவதைவிட வெற்றிடமாக விடுவதே மேல். படத்தின் பின்புறத்தில் ஒரு பெயர் ஏறிவிட்டால், எழுதியவர் ஊகித்து எழுதினாரா, தெரிந்து எழுதினாரா என்பதை அடுத்த தலைமுறை கேட்பதில்லை. அந்த எழுத்தையே ஆதாரமாக எடுத்துக்கொள்கிறது.

எங்கள் குடும்பத்தில் பதினொரு பேர் இருக்கும் கல்யாணப் படம் ஒன்று உண்டு. அதில் நாங்களே பல ஆண்டுகள் தவறிழைத்திருந்தோம் என்பதால், அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

கேட்பதற்கு முன் நகலெடுத்தல்

பெரியவர்களிடம் மூலப் படத்தைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று தோன்றும். அதற்கு முன் நகலெடுத்துவிட வேண்டும். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, படத்தை ஓரங்களில் மட்டும் பிடித்து, கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ண அமைப்பிலேயே, குறைந்தது 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்ய வேண்டும். கார்டு அளவுள்ள சிறிய படங்களுக்கு 1200 வைப்பது நல்லது. பின்புறத்தையும், அது வெறுமையாகத் தோன்றினாலும், ஸ்கேன் செய்ய வேண்டும். மங்கிய பென்சில் எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் திரையில் தெரிவதுண்டு.

கண்ணாடிச் சட்டத்தில் உள்ள படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அதைப் பிரிக்க முயலக் கூடாது. பூச்சு கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே, வெளிச்சம் பிரதிபலிக்காத கோணத்தில் படமெடுத்துக்கொள்ளலாம். ஒட்டாமல் இருந்தால் பின்பக்க ஆணிகளை மெதுவாக எடுத்துப் பார்ப்பது பயனுள்ளது. சட்டம் போட்டவர்கள் படத்துக்குப் பின்னால் பழைய செய்தித்தாளையோ காலண்டர் அட்டையையோ வைத்திருப்பார்கள். ஆனால் அந்தத் தேதி சட்டம் போட்ட காலத்தைத்தான் காட்டும். படம் அதற்கு வெகுகாலம் முந்தியதாக இருக்கலாம்.

லேமினேஷன் செய்வதும், பின்புறத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதுவதும் மீட்க முடியாத சேதத்தைத் தரும். அடையாள எண் போட வேண்டுமானால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் போட்டால் போதும்.

படம் என்னும் பொருள்

முகத்தைப் பார்க்குமுன் தாளைப் பார்க்க வேண்டும். 1850களில் தொடங்கி 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை வழக்கிலிருந்த ஆல்புமென் படங்கள் மிக மெல்லிய தாளில் அச்சிடப்பட்டுக் கெட்டியான அட்டையில் ஒட்டப்பட்டிருக்கும். வெளிர்ப் பகுதிகள் மஞ்சளாகியிருக்கும். பிற்காலத்து ஜெலட்டின் வெள்ளித் தாள்களில், கறுத்த பகுதிகளின் ஓரத்தில், படத்தைச் சாய்த்துப் பார்த்தால் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்புத் தெரியும். நம் வீடுகளில் கிடைப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையே. பழைய ஸ்டுடியோக்காரர்கள் சொல்லும் ஃபுல் பிளேட் என்பது 6½ × 8½ அங்குலம், ஆஃப் பிளேட் என்பது 4¾ × 6½ அங்குலம். ஓரத்தில் வெள்ளை விளிம்பு வைத்த சிறு சதுரப் படங்கள் பெரும்பாலும் அக்ஃபா கிளிக் 3 போன்ற எளிய கேமராக்களில், 120 ஃபிலிமில், வீட்டில் எடுத்தவை. 1960களுக்கும் 70களுக்கும் உரியவை என்று தொடக்க ஊகம் செய்யலாம்.

ஸ்டுடியோ முத்திரை இருந்தால் அதன் ஒவ்வொரு எழுத்தையும் படிக்க வேண்டும். முகவரியில் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு அச்சான முத்திரை. "தமிழ்நாடு" என்றிருந்தால், மாநிலத்தின் பெயர் அதிகாரபூர்வமாக மாறிய 1969 ஜனவரி 14க்குப் பிந்தியதாக இருக்க வாய்ப்பு மிகுதி. தமிழ் எழுத்துகளின் வடிவமும் உதவும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. அதன் பின்னர் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குக் கொம்பு சுழித்த பழைய வடிவமும், ணா, றா, னா ஆகியவற்றின் கூட்டு வடிவமும் அச்சிலிருந்து படிப்படியாக மறைந்தன. கையெழுத்தில் மட்டும் இந்தச் சான்றை நம்பக் கூடாது. பழைய எழுத்தில் பழகியவர்கள் கடைசிவரை அப்படியேதான் எழுதினார்கள்.

ஸ்டுடியோவின் பின்னணித் திரை, சாய்வு நாற்காலி, பூச்சாடி மேசை ஆகியவையும் சான்றுகளே. ஒரே திரை வேறொரு உறவினர் வீட்டில் தேதியிட்ட படத்தில் இருந்தால், இரண்டும் ஒரே ஸ்டுடியோவில் ஏறத்தாழ ஒரே காலத்தில் எடுக்கப்பட்டவை என்று கொள்ளலாம். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் திரட்டி எண்மமாக்கியிருக்கிறது. திரைகளையும் இருக்கைகளையும் ஒப்பிட்டுப் பழகுவதற்கு அதைவிட நல்ல பயிற்சிக்களம் இல்லை.

பின்புற எழுத்தும் முறைப் பெயரும்

தமிழ்க் குடும்பங்களில் மிகுதியான குழப்பம் விளைவது இந்த இடத்தில்தான் என்பதால், இதில் அவசரமே கூடாது. எங்கள் படத்தின் பின்புறத்தில் "சித்தப்பா கல்யாணம், தாது வருஷம் தை" என்று பென்சிலில் எழுதியிருந்தது. என் அப்பா அதைப் படித்துத் தம்முடைய சித்தப்பாவின் கல்யாணம் என்றே எண்ணினார். நாங்களும் மாப்பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைத்திருந்தோம். முறைப் பெயரைக் கண்டால் "யாருக்குச் சித்தப்பா?" என்பதையே முதலில் கேட்க வேண்டும். அதற்கு விடை கையெழுத்தில்தான் இருக்கிறது. வீட்டிலிருந்த பழைய வரவு செலவு நோட்டோடு ஒப்பிட்டபோது, எழுதியவர் என் தாத்தா என்பது தெளிவாகியது. அப்படியானால் மாப்பிள்ளை தாத்தாவின் சித்தப்பா. ஒரு தலைமுறை முழுவதும் மேலே நகர்ந்துவிட்டது.

அடுத்தது ஆண்டு. அறுபதாண்டுச் சுழற்சியில் தாது ஆண்டு 1876–77, 1936–37, 1996–97 ஆகிய மூன்று இடங்களில் வருகிறது. 1876ஐ "தாது வருஷப் பஞ்சம்" என்றே முன்னோர் நினைவில் வைத்திருந்தனர். எங்கள் படம் ஜெலட்டின் தாளில் அச்சான ஆஃப் பிளேட் படம். ஆகவே 1876 இல்லை, 1996உம் இல்லை. இங்கே புதியவர்கள் செய்யும் பிழை, தாது என்றால் 1936 என்று எழுதிவிடுவது. தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால், தாது ஆண்டுத் தை என்பது 1937 ஜனவரி–பிப்ரவரி ஆகும். மார்கழியின் பிற்பகுதி முதல் பங்குனி முடிய உள்ள தேதிகளுக்கெல்லாம் அடுத்த ஆங்கில ஆண்டைக் கொள்ள வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்துக் குடும்பங்களிலும் திருநெல்வேலிச் சீமையின் பழைய ஆவணங்களிலும் கொல்லம் ஆண்டு வரும். அது ஆவணியில் தொடங்குவதால், ஆங்கில ஆண்டை அறிய, ஆவணி முதல் டிசம்பர் முடிய 824உம், ஜனவரி முதல் 825உம் அதனுடன் கூட்டிக்கொள்ள வேண்டும். ஜாதகங்களில் ௵ என்னும் குறி வருடத்தையும், ௴ மாதத்தையும், ௳ நாளையும் குறிக்கும்; இந்த மூன்றையும் தமிழ் எண்களையும் ஒரு மாலைப் பொழுதில் பழகிக்கொண்டால் வாழ்நாளெல்லாம் உதவும்.

படத்துக்குள் பார்த்தல்

உடையையும் நகையையும் கொண்டு காலம் கணிப்பது கவர்ச்சியானது, ஆனால் எல்லைக்குட்பட்டது. முதியவர்கள் தம் இளமைக்கால வழக்கத்தையே தொடர்ந்தார்கள் என்பதால், குடுமி வைத்த தாத்தாவும் கிராப்பு வெட்டிய பேரனும் ஒரே படத்தில் இருப்பார்கள். காலத்தைக் கணிக்க இளையவர்களைப் பார்க்க வேண்டும். பாம்படம் அணிந்து நீண்ட காது, பின்கொசுவக் கட்டு, நெற்றியில் திருநீறா நாமமா என்பவை ஊரையும் சமூகத்தையும் சுட்டுமேயன்றி ஆண்டைச் சுட்டமாட்டா. ஆண்கள் அணிந்திருக்கும் கோட்டைக் கண்டு உத்தியோகத்தை முடிவு செய்யவும் கூடாது; வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பதற்கென்றே ஸ்டுடியோவில் கோட்டு மாட்டியிருந்த காலம் அது.

இன்னொன்றை மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய கண்ணாடித் தகடுகளும் ஃபிலிம்களும் சிவப்பு ஒளியை ஏறக்குறைய உணர்வதில்லை, நீலத்தை மிகையாக உணரும். அதனால் குங்குமச் சிவப்புச் சேலை படத்தில் கறுப்பாகவும், வெளிர் நீலச் சேலை வெள்ளையாகவும் விழுந்திருக்கும். எங்கள் படத்தின் நடுவில் வெள்ளைச் சேலையோடு அமர்ந்திருக்கும் பெண்ணைக் கைம்பெண் என்று கருதி, மாப்பிள்ளையின் தாய் என்று குறித்து வைத்திருந்தோம். ஏனெனில் திதி நோட்டின்படி மாப்பிள்ளையின் தகப்பனார் ஆங்கீரச வருஷத்திலேயே, அதாவது 1932–33இல், காலமாகிவிட்டார். ஸ்கேன் செய்து பெரிதாக்கியபோது அந்தப் பெண்ணின் நெற்றியில் கரும் புள்ளியாகப் பொட்டும், கால்விரல்களில் மெட்டியும் தெரிந்தன. சேலை வெள்ளையே அன்று, அவர் சுமங்கலி, ஆகவே மாப்பிள்ளையின் தாயாக இருக்க இயலாது. பின்னர் அவர் மாப்பிள்ளையின் மூத்த சகோதரி என்பது உறுதியாயிற்று. அமர்ந்திருக்கும் பெண்களின் பாதங்களைப் பார்க்கத் தவறக் கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். பொட்டை மட்டும் நம்புவதும் போதாது, ஸ்டுடியோவில் தூரிகையால் பொட்டு வைக்கும் வழக்கமும் இருந்தது. சட்டத்தின் கண்ணாடி மேல் வைத்த சந்தனமும் குங்குமமும் அந்தப் படத்தில் இருப்பவர் இறந்த பின் வைக்கப்பட்டவையாகவே பெரும்பாலும் இருக்கும்.

படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். பூணூல் வலத்தோளில் கிடந்தாலோ, எல்லாப் பெண்களின் முந்தானையும் வலத்தோளில் இருந்தாலோ ஐயுறலாம். ஆயினும் ஐயர் வீட்டு மடிசார்க் கட்டில் முந்தானை வலத்தோளில்தான் வரும். ஐயங்கார் கட்டில் இடத்தோளில் வரும். எனவே ஒரே சான்றைக் கொண்டு முடிவு செய்யாமல் சட்டைப் பித்தான், கைக்கடிகாரம், சுவரிலுள்ள எழுத்து ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். படத்தில் இருப்பதனாலேயே ஒருவர் அன்று உயிரோடிருந்தார் என்றும் கொள்ள முடியாது. இறந்தவரை நாற்காலியில் இருத்தி உறவினர் சூழ எடுத்த படங்களும், முன்பே இறந்துபோனவரின் உருவத்தை வேறொரு படத்திலிருந்து வெட்டிச் சேர்த்த படங்களும் நம் பகுதியில் கணிசமாக உண்டு. தலையின் அளவும் நிழல் விழும் திசையும் மற்றவர்களோடு ஒத்துப்போகாவிட்டால் அப்படி நினைக்கலாம்.

காலத்தை நெருக்கிப் பிடிப்பதற்குக் குழந்தைகளே சிறந்த துணை. குடும்பத்தின் பிறந்த ஆண்டுகளை ஜாதகங்களிலிருந்து ஒரு தாளில் வரிசையாக எழுதி, படத்தின் உத்தேச ஆண்டில் ஒவ்வொருவருக்கும் என்ன வயது என்று கணக்கிட வேண்டும். என் அப்பாவின் சித்தப்பா 1922இல் பிறந்தவர். 1937இல் அவருக்குப் பதினைந்து வயதுக்கு மேல் ஆகியிருக்காது. படத்தின் மாப்பிள்ளையோ மீசையுடன் இருபத்தைந்து வயதை ஒட்டியவர். பழைய அடையாளம் தவறு என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதுமானதாக இருந்தது. நாங்கள் மாப்பிள்ளையாக்கி வைத்திருந்த சித்தப்பா, பின்வரிசையில் அரும்பு மீசையோடு நிற்கும் பையன்.

பெரியவர்களிடம் கேட்கும் முறை

நகலைப் பெரிய அளவில் அச்சிட்டு, தலைகளின் மேல் எண் போட்ட இன்னொரு தாளையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். "இது இன்னார்தானே?" என்று கேட்கவே கூடாது, பெரியவர்கள் மனம் கோணாமல் "ஆமாம்" என்றுவிடுவார்கள். "இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா, இதில் யாரைத் தெரிகிறது?" என்று தொடங்கி, அவர்களாகவே விரல் வைக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்பது நல்லது, பலர் கூடினால் குரல் உயர்ந்தவரின் நினைவே அனைவரின் நினைவாகிவிடுகிறது. அனுமதி பெற்றுக் கைப்பேசியில் பேச்சைப் பதிவு செய்துகொள்ளலாம்.

ஒரு பெயர் சொல்லப்பட்டதும் மூன்று துணைக் கேள்விகள் கேட்கப்பட வேண்டும். உங்களுக்கு அவர் என்ன முறை? கூடப்பிறந்த வழியா, ஒன்றுவிட்ட வழியா, பங்காளி வழியா? எந்த ஊரில் பெண் எடுத்தார் அல்லது எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டார்? "மாமா" என்ற ஒரே சொல் தாயின் சகோதரரையும், அத்தையின் கணவரையும், மாமனாரையும், சில வீடுகளில் அக்காள் கணவரையும் குறிக்கும் என்பதால் இந்தக் கேள்விகள் இன்றி அந்தச் சொல்லுக்குப் பயனில்லை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். தகப்பன் பெயரையும் பட்டப்பெயரையும் சேர்த்துக் குறித்தால்தான் பிரித்தறிய முடியும்.

மூத்த பெண்களில் சிலர் கணவர், மாமனார் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். அதை மறதி என்று எண்ணிவிடாமல், பெயர்களை எழுதிக் காட்டியோ, பேரக்குழந்தை ஒருவரைக் கொண்டு சொல்லச் செய்தோ உறுதி செய்துகொள்ளலாம். வேண்டாத நினைவைப் படம் எழுப்பிவிட்டால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும்.

பலரை ஒரே நாளில் காண விரும்பினால் குலதெய்வக் கோயிலுக்குச் செல்லலாம். மாசி சிவராத்திரியில் பல குடும்பங்களும், திருநெல்வேலிப் பக்கம் பங்குனி உத்திரத்தில் சாஸ்தா கோயில்களிலும், வெளியூர்ப் பங்காளிகள் எல்லாரும் கூடுவார்கள். ஆனால் அங்கே வருவது ஆண்வழி உறவு மட்டுமே. படத்திலுள்ள மருமகள்களின் பிறந்த வீட்டார் வேறு கோயிலுக்குப் போவார்கள் என்பதை மறந்துவிட்டால், பாதி முகங்கள் என்றைக்கும் பெயரில்லாமலே இருந்துவிடும்.

துணை நிற்கும் தாள்கள்

கல்யாணப் படத்துக்கு மொய் நோட்டைப் போன்ற சான்று வேறில்லை. யார் வந்தார், எந்த ஊரிலிருந்து வந்தார், என்ன செய்தார் என்பது அன்றைய தினமே எழுதப்பட்டது. எங்கள் படத்தில் தலைப்பாகையோடு நிற்பவரை யாருக்கும் தெரியவில்லை. மொய் நோட்டில் தாய்மாமன் சீர் என்ற வரிக்கு எதிரே இருந்த ஊருக்குப் போய் விசாரித்தபோது, அந்த வீட்டுக் கூடத்தில் அதே மனிதரின் தனிப்படம் தொங்கியது. இரண்டு படங்களிலும் காது மடலின் அமைப்பும் நெற்றி மயிர் எல்லையும் ஒத்திருந்தன. முதுமையில் கன்னமும் தாடையும் மாறினாலும் காதின் அடிப்படை வடிவம் பெரிதும் மாறாது என்பதால் ஒப்பீட்டைக் காதிலிருந்து தொடங்குவது நல்லது. உடன்பிறந்தாரிடையே சாயல் மயக்கம் தரும் என்பதால் சாயலை மட்டும் சான்றாக வைக்கக் கூடாது. மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இல்லாத கண்ணையும் மூக்கையும் தாமாகவே வரைந்துவிடுகின்றன. அவற்றின் வெளியீட்டை அடையாளம் காண ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம்.

திருமண அழைப்பிதழ், கருமாதிப் பத்திரிகை, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், கிரயப் பத்திரம் ஆகியவற்றில் தகப்பன் பெயரும் ஊரும் வரும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்கு ஆலயத்தின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் இருக்கின்றன. நகரத்தார் குடும்பங்களுக்கு ஒன்பது நகரக் கோயில்களின் திருமணப் பதிவும், இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்த ஓலையும் உண்டு. அரசுப் பணியில் இருந்தவர்களை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடலாம், ஆனால் வீட்டுத் தாள்கள் தீர்ந்த பிறகு.

பதிவு செய்தல்

பதிவை எழுதும்போது "பார்ப்பவரின் இடப்பக்கத்திலிருந்து" என்று தொடக்கத்திலேயே குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் இடம் வலம் என்பது அடுத்தவருக்குப் புரியாது. ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே பெயர், தகப்பன் பெயர், முறை, அதைச் சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார், வேறு சான்று என்ன என்பவற்றை எழுதி, முடிவில் "உறுதி", "பெரும்பாலும்", "ஊகம்" என்ற மூன்றில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். இருவர் வேறுவேறு பெயர் சொன்னால் இரண்டையும் எழுத வேண்டும். பழைய தவறான அடையாளத்தையும் அழிக்காமல், ஏன் மாற்றப்பட்டது என்ற குறிப்போடு வைத்திருப்பது நல்லது, ஏனெனில் அதே தவறு வேறொரு வீட்டு நகலில் எழுதப்பட்டிருக்கும். பதிவின் நகலும் படத்தின் நகலும் குறைந்தது மூன்று வீடுகளில் இருக்கட்டும். உயிரோடிருப்பவர்களின் விவரங்களைப் பொதுவெளியில் இடுமுன் அவர்களின் சம்மதம் பெற வேண்டும்.

எங்கள் படத்தில் ஒன்பது பேருக்கு "உறுதி" என்று எழுதியாயிற்று. வலக்கோடியில் நிற்கும் கோட்டுக்காரருக்கு எதிரே "ஊகம்: பெண்ணின் அண்ணன்" என்று இருக்கிறது. பதினோராம் எண்ணுக்கு எதிரே "இடக்கோடி, தரையில், சுமார் எட்டு வயதுப் பெண் குழந்தை, கையில் பொம்மை, பெயர் தெரியவில்லை, மாப்பிள்ளை வீட்டு ஜாதகங்களில் இந்த வயதுக்குப் பெண் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். அந்தக் குழந்தை உயிரோடிருந்தால் இப்போது தொண்ணூறைக் கடந்திருக்கும். அதனால் பெண் வீட்டாரின் ஊருக்குப் போகும்போதெல்லாம், அந்த ஊரில் பிறந்த மூத்த பெண்கள் எந்தெந்த ஊர்களுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார்கள் என்பதைத்தான் முதலில் விசாரிக்கிறேன்.